முன்னூற்றுப் பதினெட்டாம் நம்பர் கத்தி

கட்டினவனைப் புதைத்துவிட்டு வந்த பிறகாவது ஒரு வாரம் காலை நீட்டிப் படுக்கலாம் என்று டெஸ்லி நினைத்திருந்தாள். எங்கே விட்டார்கள்? துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் எதையாவது சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். தின்ன ஆளில்லை. தின்னாவிட்டாலும் பாத்திரத்தைக் கழுவ வேண்டும், எது யாருடையது என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்கப் போன இடத்தில் உட்கார்ந்து ரெக்ஸ் எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று அவர்கள் சொல்வதைத் தலையாட்டிக் கேட்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதை ஊரார் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் வலி. ரெக்ஸ் நுரையீரல் கெட்டுப் படுத்ததிலிருந்து அவனைத் தூக்கி உட்காரவைப்பதும் திருப்பிப் போடுவதும் அவள்தான். மகள் ஆஸ்திரேலியாவின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கிறாள். சாவுக்கு வந்தாள், அழுதாள், விமானம் ஏறினாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, பெர்த் என்ன பக்கத்துத் தெருவா?

இனி பாக்கி ஒரே ஒரு வேலை. பலகை.

எங்கள் ஊர் இறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கிற மேடையில் நின்றவன் செத்தால், அவன் வீட்டில் புழங்கிய கத்தியை ஒரு பலகையில் பொருத்திக் கேண்டீன் சுவரில் மாட்டுவார்கள். கத்தி புதுசு போலப் பளபளக்க வேண்டும். அலகின் மேல் அவன் பெயர் ஆசிட்டில் பதிந்திருக்க வேண்டும். அதையும் அவன் வீட்டு ஆட்களே வீட்டில் வைத்துச் செய்ய வேண்டும். முன்பு செத்த ஹேரிஸின் பெண்டாட்டி அவன் கத்தியை டவுன்ஸ்வில் நகரத்துக்கு அனுப்பி ஏதோ மெஷினில் எழுதி வாங்கி வந்தாள். எழுத்தெல்லாம் அச்சடித்த மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கும் அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எவனும் அதைப் பார்த்து முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டதில்லை. புருஷனுக்காக ஒரு சாயங்காலம் கை வலிக்கத் தேய்க்க முடியாதா என்பார்கள். நாக்கில் நரம்பில்லாத ஊர்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் கத்தி தயாராகி, ரெக்ஸ் பெயர் சுவரில் ஏறிவிட்டால் போதும். அப்புறம் போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தூங்க வேண்டும். டெஸ்லிக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

கத்தி எது என்பதில் குழப்பமும் இல்லை. ஆலைக் கத்தி ஆலை கேட்டைத் தாண்டி வெளியே வராது, அது கம்பெனிச் சொத்து. வெளியே கொண்டுவந்தவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். வீட்டில் ரெக்ஸ் வைத்திருந்தது ஒன்றே ஒன்று, மரக் கைப்பிடி போட்ட, கருப்புப் பெயிண்ட் அடித்த கத்தி. நண்டுக்கு இரை வெட்டியதும் அதுதான், பன்றி வேட்டைக்கு இடுப்பில் போனதும் அதுதான், பூசணிக்காய் வெட்ட மற்ற கத்திகள் பல்லை இளித்தால் டெஸ்லி எடுத்ததும் அதுதான். பெயிண்ட் அங்கங்கே உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. அதை அப்படியே மாட்ட முடியாது.

வியாழக்கிழமை காலையிலேயே, உயரமான தூண்கள் மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில், துணி துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில், மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேலி தாண்டி டாரல் வந்தான். பக்கத்து வீட்டுக்காரன், ஆலையில் மெஷின் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவன், கத்திப் பைத்தியம். அவன் கொட்டகையில் இல்லாத கத்தி இல்லை, அதில் ஒன்று கூட ஒரு வெங்காயத்தைப் பார்த்ததில்லை. பெயிண்ட் உரிக்கிற மருந்து, ஆசிட் பாட்டில், உப்புத்தாள், ரப்பர் கையுறை எல்லாம் அவன் உபயம். கொடுத்துவிட்டுப் போனானா என்றால் இல்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து வாத்தியார் வேலை பார்த்தான்.

கையுறையில் இடது கையைத்தான் காணோம். பைக்குள் போட்டதாகச் சத்தியம் செய்தான். டெஸ்லி தேடிப் பார்த்து, "மெர்வின் வேலை பண்ணிட்டியா?" என்றாள். எங்கள் ஊரில் எதைத் தொலைத்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். சாவியைத் தொலைத்தாலும், குழந்தை ஒரு கால் செருப்பைத் தொலைத்தாலும் மெர்வின் வேலை. மெர்வின் என்பவன் ஒரு காலத்தில் ஆலையில் கத்தியைத் தொலைத்தவன். இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறான், காதும் நன்றாகத்தான் கேட்கிறது. ஆனாலும் சொல்வார்கள். கையுறை டாரலின் பின் பாக்கெட்டில் இருந்தது.

மருந்து கூழ் மாதிரி இருந்தது. அலகு முழுக்கத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைத்துவிட்டு டீ குடித்தார்கள். பிரித்துப் பார்த்தால் பெயிண்ட் பால் ஏடு மாதிரி சுருங்கிக் கிடந்தது. பழைய பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தாள். அதற்கடியில் இன்னொரு கருப்பு. மறுபடியும் மருந்து, மறுபடியும் தாள், மறுபடியும் டீ. அதற்கடியிலும் கருப்பு.

மூன்றாம் தடவை வழித்து இரும்பைப் பார்த்ததும் டாரல் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். துருப்பிடிக்காத நல்ல இரும்பு, இதற்கு எதற்குப் பெயிண்ட் என்று கேட்டான். அதுவும் கைப்பிடிப் பக்கம் ஏதோ சாணையில் பிடித்துக் குழிவாகத் தேய்த்திருக்கிறானே, புதுக் கைப்பிடி போடும்போது சொதப்பியிருப்பான் என்றான். ரெக்ஸுக்கு மர வேலை வராது என்பது ஊருக்கே தெரியும். அவன் செய்த கோழிக்கூண்டிலிருந்து கோழிகள் தாமாகவே குடி பெயர்ந்தன.

அப்புறம் தேய்ப்பு. முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைசுத் தாள், தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஒரே திசையில். வலது தோள் விட்டுப்போனதும் இடது கைக்கு மாற்றினாள். ஆலைச் சலவைக் கூடத்தில் இருபத்தைந்து வருஷம் வெள்ளைச் சட்டை துவைத்த கைகள், ரெக்ஸைத் தூக்கித் தூக்கிக் கடைசியில் பாழாய்ப் போன கைகள். நான் கொஞ்சம் தேய்க்கிறேன் என்றான் டாரல். வேண்டாம், நீ தேய்த்தால் அது உன் வீட்டு வேலை ஆகிவிடும் என்றாள். அவனுக்கு அது ரொம்ப சௌகரியமாக இருந்தது. இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டான்.

சோப்புப் போட்டுக் கழுவி, நகப்பூச்சு எடுக்கிற திரவத்தால் துடைத்தாள். இதற்குமேல் விரல் படக்கூடாது, விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடத்தில் ஆசிட் ஏறாது என்று டாரல் எச்சரித்தான். மகள் விட்டுப்போன சிவப்பு நெயில் பாலிஷால் அலகின் நடுவில் ரெக்ஸின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். பாலிஷ் இருக்கிற இடத்தை ஆசிட் தொடாது. மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறமாகி, பெயர் மட்டும் வெள்ளியாக நிற்கும்.

முதல் தடவை கடைசி எழுத்துக் கோணிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"அவங்கம்மா நாய்ப் பேரு வச்சது நல்லதாப் போச்சு, மூணே எழுத்து" என்றான் டாரல். "என் பேரா இருந்தா நீ சாயங்காலம் வரைக்கும் எழுதிக்கிட்டு இருக்கணும்."

டெஸ்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள், தூரிகை ஆடும் என்று.

"ஆசிட்டைத்தான் தண்ணில ஊத்தணும் தாயே. தண்ணியக் கொண்டுபோய் ஆசிட்டுல ஊத்தினேன்னு வையி, ரெக்ஸ் பக்கத்துலயே உனக்கும் ஒரு குழி வெட்டணும்."

"வெட்டுங்க. படுத்தாவது கெடப்பேன்."

உயரமான கண்ணாடி ஜாடியில் பழுப்பு நிற ஆசிட்டைக் கலந்து, கைப்பிடியில் கயிறு கட்டிக் கத்தியை இறக்கினாள். அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. வெளியே வெயில் காய்ந்தது, மழை வரப்போகிற புழுக்கம். அவள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். டாரல் தொட்டு எழுப்பினான்.

தூக்கி, சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் முக்கினாள். நுரைத்து அடங்கியது. குழாயில் கழுவினாள். பஞ்சால் பாலிஷைத் துடைத்தாள். சாம்பல் நிற அலகின் நடுவில் மூன்று எழுத்தும் பளிச்சென்று வந்து நின்றன. கடைசி எழுத்துக்கூட நேராகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாடா, முடிந்தது என்றுதான் இருந்தது.

ஈரம் காய்கிறதா என்று பார்க்கத்தான் வெளிச்சத்துப் பக்கம் சாய்த்தாள். கைப்பிடிக்குப் பக்கத்தில், சாணை பிடித்துக் குழிந்திருந்த இடத்தில், நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. கறை என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மூன்று. ஒன்று. எட்டு.

ஆலையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர். கத்தி கொடுத்த அன்றே இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்து நம்பரைப் பதித்துவிடுவார்கள். மேலே சாணை பிடித்துத் தேய்த்தாலும் அடி வாங்கிய இரும்பு உள்ளே அமுங்கியே கிடக்கும். ஆசிட் பட்டால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி அரிக்கும், போன நம்பர் திரும்பி வரும். இதெல்லாம் டாரலுக்குத் தெரியும். அவன் பார்த்துவிட்டான். பிஸ்கட்டைக் கீழே வைத்தான்.

ரெக்ஸின் நம்பர் இருநூற்று நான்கு. முன்னூற்றுப் பதினெட்டு யாருடையது என்று டெஸ்லி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சட்டைக் காலர்களில் அந்த நம்பர்களைத்தானே அத்தனை வருஷம் துவைத்தாள். யார் கையைச் சட்டையில் துடைப்பான், யார் பாக்கெட்டில் சிகரெட்டை விட்டுவிடுவான் என்று நம்பரை வைத்தே சொல்வாள். முன்னூற்றுப் பதினெட்டு ரொம்பச் சுத்தம். கறையே இருக்காது. மெர்வின்.



அது நடந்து இருபது வருஷத்துக்குக் கிட்ட இருக்கும். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து கத்திகளை எண்ணினால் ஒன்று குறைந்தது, முன்னூற்றுப் பதினெட்டு. கத்திகளைப் போட்டு வைக்கிற கொதிநீர்த் தொட்டியில் வைத்தேன் என்றான் மெர்வின். தொட்டியில் இல்லை. இறைச்சிப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஜப்பானுக்குப் போக வேண்டிய பெட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஆட்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. கப்பல் இவர்களுக்காக நிற்கவில்லை, முன்பே ஏற்றியிருந்த, பிரித்துப் பார்க்காத பெட்டிகளோடு போய்விட்டது. கத்தி கிடைக்கவே இல்லை. மெர்வினை அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எந்த ஆலையும் அவனைச் சேர்க்கவில்லை. நகராட்சிப் பூங்காவில் புல் வெட்டப் போனான். அவன் பெயர் மட்டும் ஊர் வாயில் தங்கிவிட்டது.

ரெக்ஸ் திருடன் இல்லை. அது டெஸ்லிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எல்லாக் கத்திக்கும் ஒரே மஞ்சள் கைப்பிடி. அவசரத்தில் தொட்டியிலிருந்து தன்னுடையது என்று மெர்வினுடையதை எடுத்து இடுப்பு உறையில் செருகியிருப்பான். பெல்ட்டைக் கழற்ற மறந்து கேட்டைத் தாண்டியிருப்பான். அவனுடையது தொட்டியில் பத்திரமாக இருந்திருக்கும், கணக்கில் சரியாக வந்திருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்திருப்பான். அன்று சாயங்காலம் காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவள் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அசதி என்றான். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இவன் வேலை போயிருக்கும். கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கொடுக்கவில்லை. அப்புறம் எந்த முகத்தோடு கொடுப்பது? மஞ்சள் கைப்பிடியைக் கழற்றி மரத்தைப் போட்டு, நம்பரைத் தேய்த்து, பெயிண்டை அடித்து, அதற்கு மேல் இன்னொரு பெயிண்டை அடித்து...

"இன்னொரு தடவை தாள் போட்டா போயிரும் டெஸ்" என்றான் டாரல். குரலை இறக்கிப் பேசினான், கேட்க யாருமில்லாத இடத்தில். "நெழல்தான் அது. நல்லா அழுத்தித் தேச்சு மறுபடி முக்கு, ஒண்ணும் தெரியாது. நான் எதையும் பாக்கல."

"பாத்தியே."

"செத்தவனத் தோண்டி எடுத்து என்ன செய்யப் போறே? மெர்வும் பழகிட்டான். ஊரும் பழகிருச்சு. நீ தூங்கு."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவன். அவளும் தாளை எடுத்துவிட்டாள். எடுத்து, மடித்து, நம்பர் மேல் வைத்தும்விட்டாள். நாலு இழுப்பு இழுத்தால் போதும். அப்போதுதான் அவளுக்கு நண்டு ஞாபகம் வந்தது.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ரெக்ஸ் ஆற்றில் கூடு போட்டுப் பெரிய நண்டுகளாகப் பிடிப்பான். அதில் நல்லதாக இரண்டைக் கட்டிக் கொடுத்து, "பாவம் மனுஷன், மெர்வுகிட்டக் குடுத்துட்டு வா" என்பான். ஒரு வருஷம்கூட அவன் போனதில்லை. அவள்தான் போவாள். என் புருஷனுக்கு எவ்வளவு இளகின மனசு என்று அந்த வழி முழுக்கப் பெருமைப்பட்டுக்கொண்டே போவாள். இத்தனை வருஷம் அவளைத் தூது அனுப்பியிருக்கிறான். அவள் காலை நடக்கவைத்துத் தன் பாவத்தைக் கழுவியிருக்கிறான். துவைக்கிறவள்தானே என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தாளைத் தொட்டிக்குள் எறிந்தாள். செத்தும் எனக்கு வேலை வைத்துவிட்டுப் போனாயே பாவி என்று சத்தமாகவே சொன்னாள். டாரல் வேறெங்கோ பார்த்தான்.

கத்தியை டீத் துணியில் சுற்றிக் காரில் வைத்தாள். டாரல் கொண்டுவந்த பையில் இன்னும் இரண்டு புது உப்புத்தாள் கிடந்தது, அதையும் சேர்த்தே காரில் போட்டாள். 

மெர்வின் வீடு படகுத் துறைக்கு அப்பால், சதுப்பு மரங்கள் தொடங்குகிற இடத்தில். புல் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான், காலெல்லாம் பச்சை. நாய்களை அதட்டி அடக்கினான். ரெக்ஸ் அடக்கத்துக்கு வந்தேன், உள்ளே வரவில்லை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன் என்றான். ஏன் உள்ளே வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவன் வந்தால் யாராவது ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்பான், எல்லோரும் சிரிப்பார்கள். கல்லறையிலும் சிரிப்பார்கள்.

அடுக்களை மேஜையில் உட்கார வைத்தான். டீக்குத் தண்ணீர் வைத்தான். அவள் துணியைப் பிரித்தாள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்ததில் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"அந்தக் கைப்பிடிப் பக்கம் பாரு மெர்வ்" என்றாள்.

அவன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கத்தியை ஜன்னல் பக்கம் சாய்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். உதடு அசைந்தது. அவள் இரும்புக் கெட்டில் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"எங்க வீட்ல. இன்னிக்கித்தான் எனக்கே தெரியும். தெரியாம எடுத்துட்டு வந்துட்டான். அப்பறம் சொல்லல."

"எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து."

அவன் கத்தியை மேஜையில் வைத்தான். மறுபடி எடுத்தான்.

"அப்ப பெட்டிக்குள்ள போகல."

"போகல."

"கப்பல்ல போகல."

"எங்கயும் போகல மெர்வ். எங்க அடுக்களைலதான் இருந்துச்சு. நான் இதுல பூசணிக்கா வெட்டினேன்."

"ஜப்பான்ல எவனாவது பெட்டியப் பிரிச்சிருப்பான், உள்ள கைய விட்டிருப்பான்னு..." என்று தொடங்கி நிறுத்தினான். "சின்னப் பொண்ணு ஒண்ணு. எனக்கு எப்பவும் சின்னப் பொண்ணு ஒண்ணுதான் தெரியும் டெஸ். அப்பனுக்குக் கடையில ஒத்தாசை பண்ணுற பொண்ணு. படுத்தா அந்தக் கைதான் வரும்."

"அப்படி யாரும் இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"நான் தொட்டில வச்சேன். வச்சேன்ல?"

"வச்சே."

"இன்னொரு தடவ சொல்லு."

"நீ வச்சே மெர்வ். வைக்க வேண்டிய எடத்துல வச்சே."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அறுபது வயசு தாண்டிய ஆள், தோள் குலுங்க அழுதான். நாய் ஒன்று எழுந்து வந்து அவன் முழங்காலில் மூக்கை வைத்தது. டெஸ்லி எழுந்து அடுப்பை அணைத்தாள். யாரையும் தேற்றுகிற தெம்பு அவளிடம் இல்லை, இருந்ததெல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அதனால் சும்மா பக்கத்தில் நின்றாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு அவன் கேட்டது அவள் பயந்துகொண்டே வந்த கேள்விதான்.

"அப்ப அந்த நண்டு?"

அவள் டீத் துணியை எடுத்து மடித்தாள்.

"இந்த ஊர்ல ஒருத்தன் என்னைக் கைவிடலன்னு நெனச்சேன் டெஸ். எல்லாரும் பல்லைக் காட்டுறான், இவன் ஒருத்தன் மட்டும் வருஷம் தவறாம நண்டு அனுப்புறான்னு. அவன் படுத்துட்டான்னு கேட்டதும் நான் எவ்ளோ..." நெஞ்சில் கையை வைத்தான். "அவனுக்காக நான் சர்ச்சுக்குப் போனேன். நான்."

"தெரியாது மெர்வ். எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே அவனக் கூட்டிட்டு வந்திருப்பேன். காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்."

"உன்னைச் சொல்லல."

டீயை ஊற்றினாள். இரண்டு பேரும் குடித்தார்கள். நாளைக்குக் கேண்டீனில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான். மாட்டப்போவதில்லை, போய் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு உடம்பு தளர்ந்தது. அந்தச் சுவர், அத்தனை முகங்கள், அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற போன்கள், மகளுக்கு ஒரு தடவை அழுதுகொண்டே சொல்ல வேண்டியது. தூக்கம் இன்னும் எத்தனை நாள் தள்ளிப் போயிற்றோ. வேண்டாம் விடு என்று அவன் சொல்லிவிடுவானோ என்று ஒரு நொடி எதிர்பார்த்தாள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

"சொல்லு" என்றான் மெர்வின். "பேர முழுசாச் சொல்லு. மெர்வின் கேட்ஸ் கத்திய ஒழுங்கா வச்சான்னு சொல்லு. எப்பவும் என்னைக் கேலி பண்ற அந்த டாரல் பயலையும் வரவச்சு, அவன் முன்னால சொல்லு."

"சொல்றேன்."

"இது எனக்கு வேணும்."

"உன்னோடதுதானே."

அவன் கத்தியைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தான். பிடி மறக்கவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் இடம் பார்த்து உட்கார்ந்தது. ஆனால் முகம் சுருங்கியது. கத்தியைத் திருப்பி அவள் பக்கம் நீட்டி, அலகின் நடுவில் பளிச்சென்று நின்ற மூன்று எழுத்தைக் காட்டினான்.

"இதை எடுக்க முடியுமா?"

டெஸ்லி எழுத்தைப் பார்த்தாள். இந்தக் கடைசி எழுத்துக்குத்தானே காலையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முடியும்" என்றாள். "காருல தாள் இருக்கு."

நானே செய்துகொள்கிறேன் என்றான். வேண்டாம் என்று எழுந்து போய் எடுத்து வந்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கேட்டாள். நம்பர் அழிந்துவிடாமல் இடது கட்டைவிரலை அதன் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, புருஷன் பெயரின் மேல் தாளைப் போட்டாள். ஒரே திசையில், தண்ணீர் தொட்டுத் தொட்டு. தோள் விண் விண்ணென்று தெறித்தது. நிறுத்தவில்லை. மெர்வின் எதிரில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல், கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாம்பல் நிறம் கரைந்து அலகு வெளுக்க வெளுக்க எழுத்துகள் அதற்குள் கரைந்தன. முதலில் நடு எழுத்துப் போயிற்று. பிறகு முதல் எழுத்து. கடைசி எழுத்தை அழிக்கும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து மறைத்தது, துடைக்கக் கையில்லை. அப்படியே தேய்த்தாள். போய்விட்டதா என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றான் மெர்வின்.

அவள் தாளைத் திருப்பி மடித்துக்கொண்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.